உறை ஊசி

பிரமநாயகம் அண்ணாச்சி கனாக் காண ஆரம்பித்துவிட்டார் என்பதை எங்கள் பொருநைச் சோலைக் குடியிருப்பில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். அவர் மனைவி ஆவுடை மதினிக்கே அப்புறம்தான் தெரியும். (நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள்.) ஒருநாள் காலையில் பால் டிரோன் வந்து, எங்களுக்குப் பக்கத்து வீடான அவர் வீட்டுப் பால்கனியில் பையை இறக்கிவிட்டுப் போனது. அண்ணாச்சி பையை எடுக்கவில்லை. டிரோன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. மனுஷர் ஆயுளில் ஒரு தடவையாவது 'பார்க்கலாம்' என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் நின்றுகொண்டே இருந்தார். நானும் துணி உலர்த்துகிற சாக்கில் எங்கள் பால்கனியில் நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, பாலு வெயில்ல கெடக்கே" என்றேன்.

"பாலைக் குடுத்துட்டு அது எங்க போவும் தங்கச்சி? வந்த எடத்துக்கே திரும்பிப் போவுமா, இல்ல அப்படியே மேக்க மலையைப் பாத்துப் போயிருமா?"

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. மத்தியானத்துக்குள் எல்லா மாடிக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. நான் இரண்டே பேரிடம்தான் சொன்னேன்.

கனாக் காண்பதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்களுக்கு அதைப் புரிய வைத்தது டாக்டர் ஷமீலா. மேலப்பாளையத்துப் பெண். வாராவாரம் எங்கள் குடியிருப்பு மருத்துவ அறைக்கு வருவாள். இதற்கென்று ஒரு ஊசி மருந்து வந்த புதிதில் ஆண்களுக்கென்று ஒரு கூட்டம் போட்டாள். நோட்டீஸில் 'புராஸ்டேட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அத்தனை ஆண்களுக்கும் வெளியே அவசர வேலை வந்துவிட்டது. கூட்டத்துக்குப் போனது பூராவும் பெண்கள்.

"ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கும்மா, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு" என்று ஆரம்பித்தாள். "வயசாக ஆக அதுல ஒரு வகை செல் பெருகுது. மத்த செல்லுங்க எல்லாம் நான் இன்னது, என் வேலை இன்னதுன்னு தீர்மானம் பண்ணிட்டு உக்காந்திருக்கும். இதுங்க மட்டும் இன்னும் தீர்மானம் பண்ணாதது. எதுவா வேணும்னாலும் ஆகலாம்ங்கிற நிலைமையில இருக்கும்."

"அப்ப எங்க மூத்த மவன்தான்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பாலுன்னு வச்சுக்கோங்களேன். பாலு தயிராவும் ஆகும், திரிஞ்சும் போகும். இந்த மாதிரி செல்லு கூடக் கூட, அதுல ஒண்ணு கேன்சராத் திரிஞ்சு போறதுக்கு வாய்ப்பும் கூடுது. எல்லாருக்கும் அப்படி ஆகிரும்னு நான் சொல்லல. வாய்ப்புதான்."

"அதுக்கும் நம்ம வீட்டு ஆம்பளைங்க, இவ்வொ, வானத்தைப் பாக்கதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டரம்மா?"

"அந்தச் செல்லுல இருந்து ஒண்ணு ரத்தத்துல கசிஞ்சு மூளைக்குப் போகுது. அங்கயும் அதே கதைதான். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்னு மனசு மெதக்க ஆரம்பிச்சிரும். ஊசி போட்டுட்டா, அந்தச் செல்லெல்லாம் பக்கத்துச் செல்லைப் பாத்து அது மாதிரியே ஆகி அடங்கிரும். ஆபத்து அதோட போச்சு."

மருந்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் உறை ஊசி என்றோம். இப்போது டாக்டரே அப்படித்தான் சொல்கிறாள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் அவள் இன்னொன்றும் சொன்னாள். செல் உறையும்போது மனசும் கூடவே உறையும். மருந்து ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரம் மனசு எதில் நிற்கிறதோ, மிச்ச ஆயுசுக்கும் அதிலேயே நின்றுவிடும். அதனால் அப்போது கூட இருக்கிறவர்கள் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, எதையும் காட்டக்கூடாது, இது சட்டம் என்றாள். பொருநைச் சோலைப் பெண்களிடம் போய் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்கிறாளே, சின்னப் பெண், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சி பிளாக் ஐகோர்ட்துரை அண்ணாச்சிக்கு வெறும் வயிற்றில் ஊசி போட்டார்கள். பக்கத்து அறையில் யாரோ சொதி கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் சொதிதான் வேண்டும். அவர் மனைவி தேங்காய்ப்பால் பிழிந்து பிழிந்து கைரேகை அழிந்துபோய், பூட்டுக்கு விரல் வைத்தால் சொந்த வீட்டுக் கதவே அவளை யார் என்று கேட்கிறது. அது தற்செயல். வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு. ஒருத்தி ஊசி ஏறும் சமயத்தில் தன்னைப் பெற்ற தாயின் படத்தை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துக் கணவன் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டாள். அந்த மருமகன் இப்போது மாமியாருக்குச் செய்கிற பணிவிடையைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. இன்னொரு வீட்டில் மகன்கள் சேர்ந்து, நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவராக அப்பாவை உறைய வைத்தார்கள். அவர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, கையில் பேனாவோடு, போகிறவர் வருகிறவரையெல்லாம் ஆவலோடு பார்க்கிறார். முதலில் நாங்கள் சிரித்தோம். அப்புறம் அந்த வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டோம்.

ஆகவே, பிரமநாயகம் அண்ணாச்சியை மதினி எப்படி உறைய வைக்கப்போகிறாள் என்பதுதான் அந்த வருஷம் எங்களுக்கெல்லாம் பேச்சு.

பரிசோதனைத் தாள் என்று ஒன்று உண்டு. சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். மல்லிகைப்பூ வெள்ளை என்றால் கவலையில்லை. சங்குப்பூ நீலம் வந்தால் ஊசிக்கு நாள் பார்க்க வேண்டும். நாவற்பழக் கறுப்புக்குப் போய்விட்டால் திரிந்தது என்று அர்த்தம், அப்புறம் ஆபரேஷன், கதிர் வைத்தியம் என்று அது வேறு பாதை. மதினி வீட்டுத் தாள் நல்ல சங்குப்பூவாக இருந்தது. குப்பைக்கூடை மூடி கொஞ்சம் திறந்திருந்தது, கண்ணில் பட்டுவிட்டது. மழை தொடங்குமுன் போட்டுவிடுங்கள் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தாள்.

மதினி அன்றைக்குக் கரிநாள் என்றாள்.

அடுத்து குறித்த நாள் அண்ணாச்சிக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்து ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் யாராவது உறை ஊற்றுவார்களா என்று என்னிடமே கேட்டாள். ஆவணியில் ஒரு நாள் சூலம் சரியில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. சொந்த மகள் கல்யாணத்துக்கே, எல்லா நாளும் ஆண்டவன் குடுத்த நாள்தான் என்று சொல்லி ஜோசியரை வாசலோடு அனுப்பியவள் இவள்.

இதற்கிடையில் அண்ணாச்சி மிதந்துகொண்டிருந்தார். மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போட்டு, சாரலில் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். மேற்கே மலை இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளையாக மேகம் நிற்கும். "அது மலைதானான்னு இப்பம் சொல்ல முடியாது, என்ன?" என்பார். "மலையாத்தான் இருக்கும்" என்பாள் மதினி. "இருக்கலாம். மேகமே மலையாட்டம் வேசம் கட்டிக்கிட்டும் நிக்கலாம்லா?" என்பார். இப்படியே பொழுது சாயும். ஒரு வாரம் வீணை கற்றுக்கொள்ளலாமா என்று இருந்தார். அடுத்த வாரம் ஆற்றில் நீச்சல். இன்னொரு நாள் இரண்டு பேருமாகச் செங்கோட்டை வண்டியில் ஏறி, எங்கே இறங்குவது என்று தீர்மானிக்காமலே போய், பெயர்கூடப் பார்க்காமல் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பூ உதிர்ந்து கிடந்த பிளாட்பாரத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். "நான் கொடி காட்டி அனுப்புன வண்டியெல்லாம் எங்கதான் போச்சுன்னு பாக்க வேண்டாமா தங்கச்சி?" என்று என்னிடம் சொன்னார். மதினி தலையில் வாகைப்பூ நூல் நூலாகச் சிக்கியிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று லிஃப்டில் பேசிக்கொண்டோம். பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் கணவனை ஒரு பார்வை பார்த்தோம்.

ஐப்பசியில் அடைமழை. கொஞ்சம் உறைமோர் வேண்டும் என்று மதினி வீட்டுக்குப் போனேன். என் வீட்டில் மோர் இருந்தது. அது வேறு விஷயம்.

அடுப்படியில் மதினி தனியாக இருந்தாள். அவள் மோர் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை வாங்கும்போதே கேட்டுவிட்டேன். "மதினி, நீங்க நாள் பாக்கேளா, நாளைக் கடத்துதேளா?"

கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு, "கடத்துதேன்" என்றாள்.

"தாளு கறுத்துக்கிட்டு வருதாமே."

"யாரு சொன்னா?"

"சும்மா, காதுல விழுந்துச்சு."

நான் கூடையைப் பார்த்தது அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரட்டவில்லை. "ஊசி போட்டா உசிரு நிக்கும். எனக்குத் தெரியாதா மதினி? தெனமும் தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கத்தான் செய்யுதேன். ஆனா, கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து இந்த மனுசன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. எந்த வீடு, எந்தக் காய், மவளுக்கு எந்தப் படிப்பு, எல்லாத்துக்கும் கொடியை ஆட்டிட்டுப் போயிருவாவ. நான் வண்டி மாதிரி ஓடிக்கிட்டே இருந்தேன். இப்பம் பாத்தா, போன வாரம் பக்கத்துல உக்காந்து, ஆவுடை, நீ சின்னப் பிள்ளையில என்னவா ஆகணும்னு நெனச்சன்னு கேக்காவ. யோசிச்சுச் சொல்லுதேன்னேன். சரி, மெள்ள யோசின்னாவ." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ஊசி போட்டா இந்த ஆளு போயிருவாரு. போடாட்டா பழைய ஆளு, இந்த ஆளு, ரெண்டு ஆளும் போயிருவாவ. இந்த மழை முடியட்டும்னு இருக்கேன். மழை மட்டும்."

மதினி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஐகோர்ட்துரை அண்ணாச்சி மனைவியைத் தவிர.

கார்த்திகை பிறக்குமுன் தாளின் ஒரு ஓரம் கறுத்துவிட்டது. டாக்டர் ஷமீலா குடையோடு வீட்டுக்கே வந்தாள். நான் அப்போதுதான் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"அம்மா, இனிமே நாள் நட்சத்திரம் எல்லாம் பாக்க முடியாது. இந்த வாரத்தைத் தாண்டினா ஊசி வேலை செய்யாது" என்றாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பி, "ஐயா, நீங்க சம்மதம்னு சொல்லணும்" என்றாள்.

அண்ணாச்சி ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுக்கிடலாம்" என்றார்.

"நல்லதுய்யா."

"போடாமலும் இருக்கலாம். ரெண்டுலயும் ஒரு அழகு இருக்கு, பாத்தேளா டாக்டரம்மா?"

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நோயைத் தீர்க்க அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும், முடிவெடுக்க முடியாமல் போவதுதான் நோயின் குணம். "இந்த நிலைமையில வீட்டுக்காரங்க தீர்மானம் பண்ணலாம்னு விதி இருக்கும்மா" என்று மதினியிடம் சொன்னாள்.

அண்ணாச்சியும் மதினியைத்தான் பார்த்தார். பயமில்லை, அவசரமில்லை. வண்டி வருமா வராதா என்று தெரியாத பிளாட்பாரத்தில் சுகமாகக் காற்று வாங்குகிறவர் மாதிரி ஒரு முகம்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாரேன்" என்றாள் மதினி.

"நாளைக்கு அஷ்டமி மதினி" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் முழுக்க ஆள் மாற்றி ஆள் வந்து மதினிக்கு யோசனை சொன்னார்கள். கோபமே வராத மாதிரி உறைய வையுங்கள் என்றார்கள். பூஜையறையில் உட்கார வைத்து அப்படியே பக்தியில் உறைய வைத்துவிட்டால் செலவும் இல்லை, தொந்தரவும் இல்லை என்றார்கள். அவர்களுடைய மகள் உலகம்மை ஓசூரிலிருந்து திரையில் வந்து, "அம்மா, என் முகத்தைக் காட்டு, போதும்" என்று அழுதாள். எல்லாவற்றுக்கும் மதினி தலையை ஆட்டினாள். எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வெறுங்கையோடுதான் வந்தாள். பிளாஸ்க் தூக்குவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

உறை அறை வெள்ளையாக இருக்கும். சுவரில் படம் கிடையாது, ஜன்னல் கிடையாது. கதவில் மட்டும் ஒரு கண்ணாடிச் சதுரம். நான் பிளாஸ்க்கோடு அந்தச் சதுரத்துக்கு வெளியே நின்றேன். உள்ளே அண்ணாச்சி சாய்ந்திருந்தார், மதினி அருகில் ஸ்டூலில் இருந்தாள். டாக்டர் ஊசியை நிமிர்த்தினாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் சாத்தவுமில்லை.

"ஆவுடை" என்றார் அண்ணாச்சி. "எப்படி உறையட்டும்? நீ என்ன சொல்லுத?"

டாக்டர் பேசாதீர்கள் என்று மதினிக்குச் சைகை காட்டினாள். ஊசி ஏறத் தொடங்கியது. அண்ணாச்சி மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அவர் முகத்தில் அப்படியே நின்றது, புருவம் லேசாக உயர்ந்து, உதடு லேசாகத் திறந்து. மதினி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி கலைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. மருந்து முழுவதும் ஏறி முடிகிறவரை அவரையே பார்த்தபடி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். எங்கள் குடியிருப்பிலேயே சட்டத்தை மதித்து நடந்த ஒரே பெண்பிள்ளை.

"எனக்கு வாயே வரல மதினி, சத்தியமா" என்று வருகிற வழியில் அவளாகவே சொன்னாள். நான் எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்ததை நான் பார்த்தேன்.

மாதம் திரும்புவதற்குள் தாள் மல்லிகைப்பூவாகிவிட்டது. இனி அந்த வழியாகப் பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி காலையில் எழுந்ததும், "ஆவுடை, காப்பியா டீயா? நீ என்ன சொல்லுத?" என்பார். எந்தச் சட்டை, எந்தச் செருப்பு, கதவைச் சாத்தவா, திறந்து வைக்கவா, எல்லாவற்றுக்கும் கேள்வி. எங்கள் பெண்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு கணவனை உறைய வைக்க நமக்குத் தோன்றவில்லையே என்று ஆளாளுக்கு மாய்ந்துபோனார்கள். டாக்டரிடம் இரண்டு பேர், மறுபடி பாலாக்கிப் புதிதாக உறை ஊற்ற முடியுமா என்றே கேட்டுவிட்டார்கள்.

மதினி மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் பால்கனியில் துணியை உதறிக்கொண்டே, "கேக்காவ மதினி" என்றாள். "தெனமும் கேக்காவ. நான் காப்பின்னா சரின்னுருவாவ. விஷம்னாலும் சரின்னுதான் சொல்லுவாவ. முன்னால நான் ஒண்ணு சொன்னா, இருக்கலாம்னு இழுத்து, அப்படியும் இருக்கலாம்லான்னு அவ்வொ ஒண்ணு சொல்லுவாவ. அந்தப் பேச்சு போச்சு. இப்பம் கொடி என் கையில இருக்கு, அவ்வளவுதான். அவ்வொளை எனக்குன்னு நான் களவாண்டுட்டேன் மதினி. களவாண்டதைப் பிரிச்சுப் பாத்தா, அவ்வொ அதுக்குள்ள இல்ல."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கேட்டுக்கொள்ளத்தான் வரும். கேட்டுக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் மெலிசு. "ஆவுடை, ராத்திரிக்கு இட்லியா தோசையா? நீ என்ன சொல்லுத?" என்று அண்ணாச்சியின் குரல் கேட்டது. மதினியின் பதில் கேட்கவில்லை. தூங்கிவிட்டாளா, மயக்கமா என்று எனக்குப் பதறிவிட்டது. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டு பேரும் அவர்கள் பால்கனியில்தான் இருந்தார்கள். மதினி உட்கார்ந்திருந்தாள், அவர் எதிரே நின்றார். அவள் களைத்துப்போய், பதில் சொல்லத் தெம்பில்லாமல், சும்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவர் முகத்தில் நின்றது. நேரம் ஆக ஆக அது மெல்லத் தளர்ந்தது. புருவம் இறங்கியது. அவர் பார்வை அவளிடமிருந்து விலகி, அவள் தோளுக்கு மேலே, மேற்கே போயிற்று. அங்கே மலையோ மேகமோ ஏதோ ஒன்று ஊதா நிறத்தில் நின்றது. இட்லிக்கும் தோசைக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல், அந்தப் பழைய கனாக்கார மனுஷர் வந்து நின்றுகொண்டிருந்தார்.

மதினி அதைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது, கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, அவர் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம், கால் வலிக்குமே என்று நினைத்தாளோ என்னவோ, மிக மெதுவாக, "தோசை" என்றாள்.

"சரி" என்றார் அவர். முகம் அடைத்துக்கொண்டது.

இப்போது அந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. அவர் நிற்க வேண்டாமே என்று எதிரே ஒரு நாற்காலியும் போட்டுவிட்டாள். பகலெல்லாம் பதில்களை மளமளவென்று சொல்லிவிடுகிறாள். சாயங்காலக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறாள். ஊர் உலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள், அவர்கள் வீட்டில் இன்னும் மாவு கரைக்கவில்லை. இந்தப் பக்கம் நான் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறேன். அடுப்பைப் பற்றவைத்தால் அந்தச் சத்தத்தில் அவள் திடுக்கிட்டு எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.